மாறி உட்கார்ந்த இடம்

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் நடைவழியில் நான் நின்றபோது என் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. என் மனைவி கோமதியின் வலது கால் செருப்பு. இடது கால் செருப்பு ஆம்புலன்சில் கிடக்குமா, ரோட்டில் கிடக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இடது கால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பயமாக இருந்ததால் செருப்பைப் பற்றி யோசித்தேன்.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தேவை ஏற்பட்டால் காலை அகற்றச் சம்மதிக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது.

"கால எடுக்கப் போறாவளா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எடுப்பாவன்னு இல்ல அண்ணாச்சி. எல்லார்ட்டயும் வாங்குத கையெழுத்துதான். வெரசாப் போடுங்க, டாக்டர் உள்ள நிக்காவ."

எல்லாரிடமும் வாங்குவதுதான் என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுத வேண்டும். ஐந்து எழுத்து கூட இல்லாத அந்த வார்த்தையை எழுதுவதற்குள் பேனா ரெண்டு தடவை கீழே விழுந்தது. நர்ஸ்தான் எடுத்துக் கொடுத்தார்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி ஒரு நடைவழியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சங்கரன்கோவிலில் ஓர் உரக்கடையில் நின்று வியாபாரம் பார்க்கிறவன். வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இந்தக் கதையே என் வாயால் வந்ததுதான்.

எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் பெயர் கோமதி, அதனால் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. என் வீட்டுக் கோமதி தையல்காரி. வீட்டு முன்னறையில் காலால் மிதிக்கிற மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். கல்யாண மாதம் வந்துவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைப்பது சந்தேகம்தான். ஸ்கூட்டியை அவளே ஓட்டுவாள். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருவாள். சேலை கட்டியிருந்தாலும் அப்படித்தான். "ஒரு பக்கமா உக்காந்தா எனக்கு அந்தரத்துல தொங்குத மாதிரி இருக்கு" என்பாள்.

அன்று காலையில் பனவடலிசத்திரத்தில் என் பெரியம்மா தவறிவிட்டதாகப் போன் வந்தது. துட்டிக்கு (சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க) கிளம்பினோம். பூ மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். மேலநீலிதநல்லூரெல்லாம் தாண்டி, பெரியம்மா ஊர் நெருங்குகையில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஏன் நிறுத்திட்டிய?" என்றாள் கோமதி.

"எறங்கி ஒரு பக்கமா மாறி உக்காரு."

"இன்னும் எம்புட்டுத் தூரம் இருக்கு? இப்படியே போவம்."

"துட்டி வீட்டுக்குப் போறோம்ட்டி. பந்தல்ல ஊரே உக்காந்திருக்கும். ஆம்பள மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு வந்து எறங்குனா என்ன நெனப்பாவ? பெரியப்பா வாயச் சும்மா வச்சிட்டு இருப்பாரா?"

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாவ" என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே இறங்கினாள். சேலையை இழுத்து நேராக்கி, இடப்பக்கமாக ரெண்டு காலையும் போட்டு உட்கார்ந்து, மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இப்பம் சரியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. வண்டியை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லை. டவுனுக்குள் எப்படி வேண்டுமானாலும் உட்கார்ந்து போகலாம். சொந்தக்காரர் ஊர் வந்ததும், அதுவும் துட்டியென்றால், ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பெண்கள் மாறி உட்காருவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் அதற்கென்று ஒரு மரத்தடி இருக்கும். பனவடலிசத்திரம் போகிற வழியில் எங்களுக்கு அந்த வேப்பமரம்.

ரோட்டின் ஓரம் பள்ளமாகக் கிடந்ததால் நான் கொஞ்சம் நடுவில் ஏறி ஓட்டினேன். இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது. அதில் திரும்ப வேண்டிய லோடு வேன் ஒன்று, எங்களுக்குப் பின்னால் பொறுத்திருக்காமல் இடப்பக்கமாகவே நுழைந்து முந்தியது. அதன் பக்கப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கி கோமதியின் காலைப் பிடித்து இழுத்தது. எனக்குக் கேட்டது அவளுடைய சத்தம் இல்லை. முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

வேன் ஓட்டியவர் ஓடிப்போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தலையில் அடித்துக்கொண்டே அவர்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மாலை ரோட்டில் சிதறிக் கிடந்தது.

மாறி உட்காரச் சொன்னது நான். அந்த ஒரு நிமிஷம் அங்கே நிறுத்தாமல் போயிருந்தால் அந்த வேன் எங்கள் பின்னால் வந்திருக்கவே செய்யாது. ரெண்டு பக்கமும் கால் போட்டிருந்தால் முழங்கால் வண்டியோடு ஒட்டி இருந்திருக்கும், கொக்கிக்கு எட்டியிருக்காது. இந்த ரெண்டையும் மனசு சொல்லாத நாள் இன்றுவரை இல்லை.

முதலில் எங்கள் ஊர் அரசு மருத்துவமனை. அங்கே பதிவேட்டில் எழுதுவதற்காக டாக்டர் கேட்டார். "பைக்ல பின்னால உக்காந்து வந்தா, லோடு வேன் தட்டிட்டு" என்றேன். "ஒரு பக்கமா உக்காந்திருந்தாங்களா?" என்றார். "ஆமா" என்றேன். நடந்தது அதுதான், ஆனால் பாதிதான். விபத்து கேஸில் அந்தப் பதிவேட்டின் நகல்தான் முதல் ஆதாரம் என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் அந்த இடத்தில் நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டாக இருந்தது. ஒரு துண்டு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. இதை ஓப்பன் பிராக்ச்சர் (எலும்பு காற்றுப்படும்படி முறிவது) என்றார். காயத்துக்குள் மண் புகுந்துவிட்டதால் உள்ளே கம்பி வைத்து மூட முடியாது, வெளியில் பிக்ஸேட்டர் (எலும்பை வெளியிலிருந்து பிடித்து வைக்கும் கம்பிச் சட்டம்) போட்டிருக்கிறோம் என்றார்.

"கால் தங்கிருமா டாக்டர்?"

"இன்னைக்குத் தங்கியிருக்கு. ரத்த ஓட்டம் இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நாளைக்குக் கேட்டா நாளைக்குச் சொல்லுதேன்."

கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரல் நகத்தை அவர் அமுக்கிக் காட்டினார். அமுக்கினால் வெளுக்கும். விட்டுவிட்டு ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் உடனே கூப்பிட வேண்டும். அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. கால் மணிக்கு ஒரு தடவை நகத்தை அமுக்குவேன். ஒண்ணு, ரெண்டு. சில நேரம் மூன்று வரை போய்விட்டது மாதிரித் தோன்றும். திரும்ப அமுக்குவேன். "நகத்தப் பேத்து எடுத்துராதிய" என்று கோமதி சொன்னபோதுதான் அவள் விழித்திருப்பது தெரிந்தது.

நாலாம் நாள் எங்கள் மகள் அபிராமி சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே வேலை பார்க்கிறாள். கம்பிச் சட்டத்தைப் பார்த்து அழுது முடித்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அம்மா எதுக்கு ஒரு பக்கமா உக்காந்தா? அவ எப்பமும் ரெண்டு பக்கமும் போட்டுல்லா உக்காருவா?"

டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால்கூட அந்தக் கேள்விக்குப் பயந்த மாதிரி நான் பயந்திருப்பேனா தெரியாது. கட்டிலில் இருந்து கோமதி சொன்னாள்.

"புதுச் சேல. கசங்கிரும்னு நானாத்தான் மாறி உக்காந்தேன்."

"துட்டி வீட்டுக்குப் புதுச் சேலயாம்மா?" என்றாள் மகள். கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். அபிராமி வெந்நீர் வாங்கக் கீழே போனதும் நான் கேட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதிய? நீங்க சொல்லித்தான்னு சொன்னா அவ ஒங்க மூஞ்சில முழிப்பாளா? சவம், அந்தப் பேச்ச விடுங்க. நகத்தப் பாருங்க."

நகத்தைப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு. சிவந்தது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. கம்பி நுழைகிற இடங்களில் சீழ் கசிந்தது. வாடையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். மழையில் நனைந்து மூட்டையிலேயே அழுகிப்போன புண்ணாக்கு வாடை அது. எனக்குக் கடையில் பழகிய வாடைதான். ஆனால் அது என் மனைவியின் காலில் இருந்து வந்தபோது நான் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எனக்கே கொடலப் புரட்டுது, நீங்க என்ன செய்வீய" என்றாள்.

ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்றார் டாக்டர். மறுபடியும் திறந்து, கெட்டுப்போன சதையையும் எலும்பையும் சுரண்டிக் கழுவ வேண்டும்.

"இந்தத் தடவையும் அடங்கலேன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருதது நல்லது. இல்லாட்டா விஷம் ரத்தத்துல ஏறிரும். அப்பம் காலா உயிரான்னு ஆயிரும். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிடுங்க."

என்ன பேச? நான் பஸ் ஏறி ஊருக்கு வந்து கோயிலில் நின்றேன். அங்கே பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சின்ன வயதில் சிரங்குக்கு அதைத்தான் பூசுவார்கள். நான் கட்டை அவிழ்க்கப் போவதைப் பார்த்த நர்ஸ் ஓடிவந்தார்.

"கோட்டி பிடிச்சிருக்கா அண்ணாச்சி? நெத்தியில பூசுங்க, நான் வேண்டாங்கல. கால்ல மண்ணு போனதாலதான் இவ்வளவு பாடும்."

கோமதியின் நெற்றியில் பூசினேன். என் நெற்றியிலும் பூசிக்கொண்டேன். மறுநாள் அறுவை. அதற்குப் பிறகு ஐந்து நாள் கட்டைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளில் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று எனக்கு நினைவே இல்லை. காய்ச்சல் மானியில் எத்தனை என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஆறாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "சிவப்பா இருக்கு" என்றார். புதுச் சதை வளரும்போது அப்படித்தான் இருக்குமாம். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோமதிதான் "எந்திரிங்க, எல்லாரும் பாக்காவ" என்றாள்.

பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சட்டம் கழற்றி, மாவுக்கட்டு போட்டு, அதையும் கழற்றி அவள் ஊன்றி நடக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கால் நின்றுவிட்டது. ஆனால் ஒரு அங்குலம் போலக் குட்டையாகிவிட்டது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. மிதிக்கிற மிஷினை அவளால் மிதிக்க முடியவில்லை. முதல் நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்துபோனாள். ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

இழப்பீட்டுக்கு மனு போடும்படி ஆஸ்பத்திரியிலேயே பலர் சொல்லியிருந்தார்கள். கடையநல்லூரைச் சேர்ந்த ரஹ்மத் என்ற பெண் வக்கீலிடம் போனோம். கோமதியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர், அதனால் எங்களை முன்பே தெரியும். டிஸ்சார்ஜ் தாள், படங்கள், மருந்துச் சீட்டு என்று எதையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருந்தேன். நீங்களும் வைத்திருங்கள். தையல் வருமானத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டதற்குக் கோமதி தன் அளவு நோட்டைக் கொடுத்தாள். ஊர்ப் பெண்களின் கை உயரமும் கழுத்து ஆழமும் அப்படியே கோர்ட்டுக்குப் போயின.

சில மாதங்கள் கழித்து இன்சூரன்ஸ் தரப்பின் எதிருரை வந்தது. ரஹ்மத் அதை எங்களுக்கு விளக்கினார். வேன் ஓட்டியவர் மேல் தவறு இருக்கலாம், ஆனால் மனுதாரர் மேலும் பங்களிப்புக் கவனக்குறைவு (அடிபட்டவரின் அசட்டையும் சேர்ந்துதான் காயம் வந்தது என்று சொல்லி, அந்தப் பங்கை இழப்பீட்டில் கழிப்பது) இருக்கிறது என்று எழுதியிருந்தார்களாம்.

"ஹெல்மெட் போடலன்னு சொல்லுதாங்க. தலையில அடியே இல்ல, அதனால அது நிக்காது. நடுரோட்ல வண்டி போச்சுன்னு சொல்லுதாங்க. அது அண்ணாச்சி ஓட்டுனது. ஓட்டுனவர் தப்பப் பின்னால உக்காந்தவங்க பங்குல கழிக்க முடியாது. ஆனா ஒரு பக்கமா உக்காந்து, ரெண்டு காலையும் வெளிய தொங்கப் போட்டு, ஒரு கையில மாலையும் வச்சிருந்தாங்கன்னு சொல்லுதாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிப் பதிவுலயே இருக்கு. நீதிபதி ஒத்துக்கிட்டா அது அக்காவோட பங்கு."

நான் வண்டி ஓட்டியதில் தவறு செய்திருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது. நான் சொன்னதைக் கேட்டு அவள் உட்கார்ந்தது மட்டும் அவள் தலையில் விடியும். இதைக் கேட்டதும் எனக்கு வாய் பொறுக்கவில்லை.

"அப்பம் வேற ஒருத்தன் சொல்லி உக்காந்திருந்தாலும் அவ தப்புதானா?"

ரஹ்மத் தாளில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோமதி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நல்ல காலால்தான் மிதித்தாள்.

"எங்க பக்கத்துலயும் மவுத்து வீட்டுக்குப் போனா ஊருக்கு வெளிய மாறித்தான் உக்காருவோம், அண்ணாச்சி. எனக்குத் தெரியாததா?" என்றார் அவர். தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க கண்ணால பாத்த சாட்சி. கூண்டுல ஏறணும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லிராதிய."

அன்றிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் நடைவழியின் பயம் மறுபடியும் எனக்குள் வந்துவிட்டது. கடையில் உர மூட்டையைப் பிரிக்கும்போது, குளிக்கும்போது, பஸ்சில் போகும்போது எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி காதில் கேட்டபடியே இருந்தது. 'ஏன் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்?' என்று கேட்பார்கள். 'நான் சொல்லித்தான்' என்று சொல்ல வேண்டும். அபிராமி கோர்ட்டில் உட்கார்ந்திருப்பாள். என் மாமியார் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிவிடலாம் என்று காலையில் தோன்றும், சாயங்காலத்துக்குள் தைரியம் வடிந்துவிடும்.

முதலில் கோமதி சாட்சி சொன்னாள். கூண்டில் ஏற படியில் கை கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தானே ஏறினாள். இன்சூரன்ஸ் வக்கீல் வயதானவர், குரல் தணிவாக இருந்தது.

"யாரும் சொல்லாமல், நீங்களாகவேதான் அப்படி உட்கார்ந்தீர்களா?"

"ஆமாய்யா. நானாத்தான் உக்காந்தேன்."

தட்டச்சு செய்கிறவர் அதைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த வாய்தாவில் நான். அதே வக்கீல் என் பெயர், வேலை, அன்று எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று கேட்டார். பிறகு அந்த இடத்துக்கு வந்தார்.

"உங்கள் மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தார் என்பது சரிதானே?"

"சரிதான்."

அடுத்த கேள்விக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று சத்தியமாக முடிவு செய்திருந்தேன். அவர் தாளைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேறு கேள்வி இல்லை."

"இறங்கலாம்" என்றார் நீதிபதி.

நான் இறங்கவில்லை. ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்றேன். வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். ரஹ்மத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். இறங்கிவிட்டேன். உரக்கடையில் நாளெல்லாம் ஓயாமல் பேசுகிற வாய், அன்றைக்குச் செத்துக் கிடந்தது.

கேட்டால் என்ன செய்வது என்று அத்தனை மாதம் பயந்திருந்தேன். யாருமே கேட்கவில்லை. அது அந்தப் பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது. யாரும் கேட்காததைத்தான் இப்போது இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தீர்ப்பு வந்தது. வேன் ஓட்டியவரின் அசட்டையே முதன்மைக் காரணம். தொகை எவ்வளவு என்று நான் எழுதப்போவதில்லை, மோட்டார் வைத்த மிஷின் வாங்க முடிந்தது என்பது போதும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கழிக்கப்பட்டிருந்தது. அதற்கான காரணத்தை வீட்டில் கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். மனுதாரர் தாமாகவே பாதுகாப்பற்ற முறையில் அமர்ந்து பயணித்ததால் என்று இருந்தது.

"தாமாகவேன்னா?" என்றாள்.

"நீயாவே."

"ம்" என்றாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "நாஞ்சொன்னதத்தான எழுதியிருக்காவ."

விடுமுறைக்கு வந்திருந்த அபிராமி பக்கத்தில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது, வரவேண்டிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டு.

"அபி, அம்மாவா உக்காரல. நான்தான் மாறி உக்காரச் சொன்னேன். வேப்பமரத்தடியில வண்டிய நிறுத்தி எறங்கச் சொன்னேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இத கோர்ட்ல சொன்னியளா?"

"அவரு கேக்கல."

"கேக்கல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அந்த அஞ்சுல ஒரு பங்கு அம்மா பங்கா அப்பா?"

அன்றே அவள் சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். ரொம்ப மாதம் என் போனை எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறாள், "அம்மாட்ட குடுங்க" என்பதற்காக. மேல்முறையீட்டில் உண்மையைச் சொல்லலாமா என்று ரஹ்மத்திடம் கேட்டேன். கூண்டில் சொல்ல வேண்டியதைக் கூண்டில்தான் சொல்லியிருக்க வேண்டும், அண்ணாச்சி என்றார். கோமதிக்கும் இனி கோர்ட் படி ஏற மனசில்லை.

உடம்பு பழைய உடம்பாகத் திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள். அது வேறு உடம்பு, அதற்கு வேறு பழக்கம். கோமதி இப்போது வலது காலால் மோட்டாரை அமுக்கித் தைக்கிறாள். மழை வருவதை எனக்கு முன்னால் அவள் கால் சொல்லிவிடுகிறது. ஸ்கூட்டியை விற்றுவிட்டோம். எனக்கும் பழக்கம் மாறிப்போயிற்று. அவள் கால் நீட்டி உட்கார்ந்தால் என் கை தானாக அந்தக் கட்டைவிரல் நகத்துக்குப் போகிறது. ஒண்ணு, ரெண்டு. அவளும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் அதே பெரியப்பா தவறிவிட்டார். யார் வாய்க்கு அன்றைக்கு நான் பயந்தேனோ, அவர். துட்டிக்குக் கிளம்பினோம். சரியாக மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் கால் போட அவளால் முடியாது. இனி ஒருநாளும் முடியாது. அதனால் வீட்டு வாசலிலேயே ஒரு பக்கமாக ஏறி, இடது காலை நீட்டி வைத்து உட்கார்ந்தாள். நான் சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் கேட்ட ஒவ்வொரு ஹாரனுக்கும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

அந்த வேப்பமரம் வந்தது. நான் நினைத்து நிறுத்தவில்லை. கை பிரேக்கைப் பிடித்துவிட்டது, வண்டி ஓரமாக நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டிய?" என்றாள். அன்று கேட்ட அதே கேள்வி.

கண்ணாடியில் அவள் மரத்தைப் பார்ப்பது தெரிந்தது. மடியில் இருந்த மாலைப் பையைச் சரியாக வைத்துக்கொண்டு என் தோளில் தட்டினாள்.

"நான் ஏற்கெனவே ஒரு பக்கமாத்தான் உக்காந்திருக்கேன். எடுங்க வண்டிய."